பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். நாற்புறத்து எல்லைகள் கூறப்படும். பரப்பும் குழியும் கூறப்படும். வீடும் வான்பயிரும் கூறப்படும். இவற்றோடு, 'பங்குக் கிணறும் வழிவாய்க்காலும்' என்றொரு தொடரும் பல உறுதிகளில் வந்து நிற்கும். நொத்தாரிசுமார் எழுதுந் தமிழை இலக்கியமென்று எவருங் கொள்வதில்லை. ஆயினும் இந்தச் சிறு தொடரிலே ஒரு குடாநாட்டின் வாழ்க்கை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. நிலம் ஒருவருக்கு உரியதாகலாம். நீரிலே பலருக்குப் பங்குண்டு. அந்நீரிடத்துக்குச் செல்லும் வழியும், அது பாய்ந்து வரும் வாய்க்காலும் அப்பங்கோடு கூடப் பிறந்தவை. இதுவே அத்தொடரின் பொருள்.

கிணற்றுக்குத் தமிழிற் பல பெயருண்டு. கேணி என்பர், கூவல் என்பர், துரவு என்பர், பூவல் என்பர். ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குமாயின், அப்பொருளோடு மக்கள் நெருங்கி வாழ்ந்தனர் என்பது கருத்து. யாழ்ப்பாணத்தாருக்கோ வேறு போக்கும் இல்லை. வற்றாது ஓடும் ஆறு ஒன்றேனும் இங்கில்லை. வழுக்கையாறு என்று ஒன்றுண்டு. அது மாரியிலே ஓடிக் கோடையிலே பெயரளவாய் எஞ்சுவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வானம் தருவதை நிலம் வாங்கி வைத்துக்கொள்ளும். எஞ்சிய மாதங்களில் அந்நிலத்திடமிருந்து நாம் வாங்கிக்கொள்வோம். வாங்கும் வாயே கிணறு.

இவ்வாறிருக்க, அண்மைக் காலத்திலே ஒரு புதுக் கேள்வி எழுந்துள்ளது. 2024 ஓகஸ்டிலே வடமராட்சி கிழக்குத் தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரத்தக்கதாக அஃது அமைக்கப்பட்டது. குழாய் வந்த வீடுகளிலே, "இனிக் கிணறு எதற்கு? மூடிவிட்டால் முற்றம் பெரிதாகுமே" என்ற பேச்சு எழுகின்றது. மூடுவோர் மண்ணால் மூடினாலும் குற்றம் சிறிது. சிலர் குப்பையால் மூடுகின்றனர். வேறு சிலர், இருக்கின்ற குழி வீணாவானேன் என்று கழிவுநீரை அதற்குள் விடவும் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் எத்துணைக் கேடானது என்பதையும், கிணற்றையும் அதன் நீரையும் வீட்டார் பேணும் முறைகளையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நிலத்தின் கீழுள்ள நீர்

சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பிலே திருக்குறளின் கல்வி அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். தோண்டுந்தோறும் நீர் ஊறும் மணற்கேணியைக் கற்குந்தோறும் ஊறும் அறிவுக்கு வள்ளுவர் உவமையாக்கிய நயத்தை விரித்துக் கூறி முடித்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா, எங்கட வீட்டுக் கிணத்தைப் போன வருஷம் இன்னும் ஆழமாக்கினவை. முந்தி நல்ல தண்ணி. இப்ப சவர். வள்ளுவர் சொன்னது பிழையோ?"

வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நல்ல கேள்வி. "தம்பி, வள்ளுவர் மணற்கேணி என்றார், கற்கிணறு என்றாரல்லர். மணற்கேணியாயினும் கடற்கரையிலே அளவிறந்து அகழ்ந்தால் உவரே வரும். எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை அறிவதுங் கல்வியே" என்றேன். அன்று சொன்னது சுருக்கம். அதன் விரிவு வருமாறு:

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக் கல். அக்கல் வெடிப்பும் துளையும் பொந்தும் உடையது. மழைநீர் மண்ணினூடே இறங்கும்போது காபனீரொட்சைட்டை ஏற்று மெல்லிய அமிலத்தன்மை பெறும். அந்நீர் சுண்ணாம்பைக் கரைத்து வழிகளைப் பெருப்பிக்கும். கீரிமலையில் நன்னீர் கடலோரத்தில் ஊற்றெடுப்பதும், நவக்கிரியிலே நிலாவரை வாய்திறந்து நிற்பதும் இக்கரைவின் விளைவுகளே. இக்கல்லின் அடியிலே கடல்நீரும் புகுந்து பரவியிருக்கின்றது. உவர்நீர் கனமானது, நன்னீர் அதனினும் இலேசானது. ஆதலின் மழையால் வந்த நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. நிலாவரையிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்று.

இவ்விரு நீருக்குமிடையே ஒரு கணக்குண்டு. ஒல்லாந்தரான பதோன் கீபன், செருமானியரான ஹேர்ஸ்பேக் என்னும் இருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே ஆராய்ந்து அக்கணக்கைக் கூறினர். நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஓரடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்தின் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கேட்கும்போது மகிழ்ச்சி தருவது இது. ஆனால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை நிலையாக ஓரடி தாழ்த்திவிட்டால், உவர்நீர் கீழிருந்து 40 அடி மேலேறும். மேலே எடுத்த ஓரடிக்குக் கீழே நாற்பதடி இழப்பு! வட்டிக்குக் கடன்பட்டவனும் இவ்வளவு இழப்பதில்லை.

துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்திலே, ஆளின் களைப்பே கிணற்றுக்குக் காவலாய் இருந்தது. மின்னியந்திரத்துக்குக் களைப்பில்லை. ஆதலால் இயந்திரம் வைத்திருப்போர் சிறிது சிறிதாய், இடைவிட்டு இறைத்தல் வேண்டும். ஒரே மூச்சில் அடித்தளந் தெரிய இறைத்தலாகாது. நீர் குறைந்ததென்று கிணற்றை ஆழமாக்க எண்ணுவோர், அம்மாணவன் வீட்டுக் கிணற்றை நினைத்துக்கொள்ளட்டும்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்து, கிழக்குக் கரையின் எண்ணிறந்த கிணறுகளை உவராக்கியது. உப்பை நீக்கிவிடலாமென்று எண்ணிப் பலர் அக்கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தனர். பல இடங்களிலே இறைக்க இறைக்க உவர் கூடியது. ஒருமுறை துப்புரவாக்கிய பின் கிணற்றை ஆறவிட்டு, உப்பைக் கழுவும் வேலையை மாரிமழையிடம் விடுதலே தக்கதென்பது அப்போது பெற்ற பாடம்.

தெளிந்த நீர் தூய நீராகுமா?

'கிணற்றுத் தண்ணீரை வெள்ளமா கொண்டுபோகும்?' என்பது பழமொழி. பொறுமையைக் கற்பிக்க வந்த பழமொழி அது. வெள்ளம் கிணற்றுநீரைக் கொண்டுபோகாது, உண்மை. ஆனால் ஊரிலுள்ள அழுக்கையெல்லாம் கிணற்றுக்குட் கொண்டுவரும். வெள்ளம் வேண்டுமென்பதுமில்லை. சாதாரண மழையே போதும்.

மணல் நிலத்திலே நீர் மெல்லக் கசிந்து செல்லும். செல்லும் வழியில் மணல் அதனை வடித்துவிடும். வெடித்த சுண்ணாம்புக் கல்லிலோ வடிப்பார் இல்லை. ஒரு மலக்குழியின் நீர், கல்லின் வெடிப்பு வழியே அயல்வீட்டுக் கிணற்றை விரைவில் அடைதல் கூடும். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்குமிடையே 15 மீற்றர், அதாவது ஏறத்தாழ 50 அடி, இருத்தல் வேண்டுமென்பது பொதுவாகக் கூறப்படும் விதி. எமது கல்நிலத்திலே அஃது ஆகக் குறைந்த அளவு. அதனைக் கடந்த பாதுகாப்பும் வேண்டும். இரண்டு பரப்புக் காணியிலே வீடு கட்டுவோர், தம் கிணற்றுக்கும் தம் குழிக்கும் இடையே அளந்து திருப்தியடைகின்றனர். மதிலுக்கு அப்பாலுள்ள கிணற்றுக்கு எத்தனை அடி என்று அளப்போர் சிலரே. மதில் மனிதனுக்குத் தடை; நீருக்குத் தடையன்று. ஆதலால் அடியும் பக்கமும் சீமெந்தாற் கட்டி, கசியாது அடைக்கப்பட்ட குழியே குடாநாட்டுக்கு ஏற்றது.

நீரின் தெளிவையும் சுவையையும் கொண்டு அதன் தூய்மையை அளத்தல் நெடுநாட் பழக்கம். அப்பழக்கம் எவ்வளவு பிழையானதென்பதை 1854 ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் உலகத்துக்குக் காட்டியது. அங்கே புறோட் வீதிக் கிணற்றுநீர் சுவையானதென்று பேர்பெற்றிருந்தது. அவ்வாண்டு ஓகஸ்டின் இறுதியில் அவ்வீதியைச் சூழ வாந்திபேதி எழுந்து அறுநூறு பேருக்கு மேற் கொன்றது. ஜோன் சினோ என்னும் மருத்துவர் வீடுவீடாய் விசாரித்து, இறந்தோரிற் பெரும்பாலார் அக்கிணற்று நீரைக் குடித்தவர் எனக் கண்டார். ஹம்ஸ்ரெட் என்னும் தொலைவிடத்துக்குக் குடிபெயர்ந்த ஒரு கைம்பெண், பழகிய சுவையை மறக்கமாட்டாமல் அந்நீரையே நாள்தோறும் வருவித்துக் குடித்து வந்தார். அவரும் அந்நோயால் இறந்தார். செப்டெம்பர் 8 இலே அதன் நீரிறைகருவியின் கைபிடி கழற்றப்பட்டது. பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்குச் சில அடி தூரத்திலே, கட்டுச் சிதைந்த ஒரு மலக்குழி காணப்பட்டது.

அதே காலப்பகுதியிலே யாழ்ப்பாணத்தையும் வாந்திபேதி வாட்டியது. 1847 இலே இங்கு வந்து மானிப்பாயிலிருந்து பணியாற்றிய சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழிலேயே நூல்களும் ஆக்குவித்தார். அவருடைய நூற்பெயரொன்றிலே 'உற்பாலனம்' என்னும் சொல் வரும். நோய் வருமுன் உடலைப் பாதுகாக்குங் கலைக்கு அவர் இட்ட பெயர் அது. இன்று நாம் சுகாதாரம் என்கின்றோம். பழைய சொல் வழக்கொழிந்தது. அது குறித்த கடமை ஒழியவில்லை.

நம் முன்னோரும் நீரைப் பேண அறிந்திருந்தனர். கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளிவித்தனர். கலித்தொகையின் நெய்தற்கலி, கலங்கிய நெஞ்சம் தெளிந்தமைக்கு இச்செயலை உவமையாக்கும். கொட்டையை உரைத்துக் கலந்தால் நீரிலுள்ள நுண்டுகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியிற் படியும். அவற்றோடு கிருமிகளிற் பலவும் படியும். ஆயினும் எல்லாம் படியா. தெளிவித்தல் முதற்படி, கிருமி நீக்கல் இரண்டாம் படி. முதற்படியோடு நின்றுவிடலாகாது.

கிணற்றைப் பேணல்

நல்ல கிணற்றுக்குரிய இலக்கணம் சிலவே. கட்டு இரண்டரை முதல் மூன்றடி உயரம் இருத்தல் வேண்டும். கட்டைச் சுற்றி நாற்புறமும் வெடிப்பில்லாத சீமெந்துத் தளம் வேண்டும். அது வெளிப்புறஞ் சாய்ந்திருத்தல் வேண்டும். தளத்தில் விழும் நீர் வாய்க்காலாலே தூரச் சென்று வாழைக்கோ தென்னைக்கோ பாய்தல் வேண்டும். உட்சுவரின் மேற்பகுதி, ஏறத்தாழப் பத்தடிக்கு, நீர் கசியாவண்ணம் பூசப்படல் வேண்டும். மேல்மண்ணிலிருந்து வரும் அழுக்கு அப்பகுதி வழியாகவே மிகுதியும் நுழையும். சுவரில் அரசும் ஆலும் முளைத்தால், இலை இரண்டு விட்டபோதே பிடுங்கிவிடுக. வேர் தடித்த பின் அதனோடு கல்லும் பெயரும்.

கட்டருகே நின்று முழுகுதலும், ஆடை தோய்த்தலும், பாத்திரந் துலக்குதலும் நம்மவர் வழக்கம். உடம்பிலும் ஆடையிலும் பட்ட நீரே தளவெடிப்பு வழியாய் மீண்டும் கிணற்றுக்குட் செல்கின்றது. தோய்க்கும் கல்லைச் சில பாகம் தள்ளி வைத்தால் வரும் இழப்பென்ன? வாளியை நிலத்தில் வைக்காது கொளுக்கியில் மாட்டுக. ஆளுக்கொரு வாளி இறக்காது, கிணற்றுக்கென ஒன்றையே வைத்திருக்குக.

வாய்க்கு வலையோ மூடியோ இடுக. இலையுஞ் சருகும் விழாமைக்கு மாத்திரமன்று. 2016 செப்டெம்பரிலே, இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே, மலேரியாவைப் பரப்பவல்ல, இந்நாட்டில் முன்னர் அறியப்படாத அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பினம் மன்னாரிலே கண்டறியப்பட்டது. அது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடுவது. கைவிடப்பட்ட கிணறு அதற்குத் தாய்வீடு. புழுவை உண்ணும் சிறுமீனைக் கிணற்றில் விடுதல் இதற்கு எளிய பரிகாரம்.

ஆண்டுக்கொருமுறை கிணற்றைக் கலக்கி இறைத்தல் நல்ல வழக்கம். ஆவணி, புரட்டாதியில், நீர்மட்டம் மிகத் தாழ்ந்து, மாரி தொடங்காதிருக்கும் வேளையே அதற்கு உகந்தது. வெள்ளம் வடியாத நிலத்திலே கிணற்றை முற்றாக இறைத்தால், வெளியிலுள்ள நீரின் அழுத்தத்தால் சுவர் உள்ளே சரிதல் கூடும்.

இங்கே ஓர் உயிர்க்காரியம் உண்டு. எண்ணெயால் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்குதல் ஒருபோதும் ஆகாது. அதன் புகையிலே உள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றுக்குள் நிற்பவனை அறியாமலே கொல்வது. மயங்கியவனைத் தூக்க இறங்கிய இரண்டாமவனும், அவனைத் தூக்க இறங்கிய மூன்றாமவனும் அவ்வாறே மாள்வர். விளக்கை இறக்கிப் பார்த்தல் பழைய முறை. விளக்கு அணைந்தால் இறங்கலாகாது என்பது மெய். விளக்கு எரிந்தால் இறங்கலாம் என்பது மெய்யன்று. நச்சுவாயு இருக்கவும் விளக்கு எரியும். ஆகவே இயந்திரம் மேலேயே, கிணற்றை விட்டு விலகி நிற்கட்டும். இறங்குபவர் இடுப்பிலே கயிறு கட்டப்பட்டிருக்கட்டும். அக்கயிற்றைப் பிடிக்க மேலே இருவரேனும் நிற்கட்டும்.

ஒரு சிறு கணக்கு

சேறள்ளித் துப்புரவாக்கிய கிணற்றுக்குக் குளோரீன் இடல் வேண்டும். அதற்கு வெளிற்றுந்தூள் பயன்படும். எவ்வளவு இடுவது என்பதைக் கண்ணளவால் தீர்மானிப்பதே பெரும்பாலும் நடப்பது. ஐந்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்த பிள்ளை இதனைச் சரியாகச் செய்யும். கிணற்றின் குறுக்களவை அடியில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்குக. வந்ததை நீரின் ஆழத்தாற் பெருக்குக. வந்ததை மீண்டும் 22 ஆற் பெருக்கினால், ஏறத்தாழ எத்தனை லீற்றர் நீர் உண்டென்பது தெரியும். குறுக்களவு 10 அடி, நீராழம் 6 அடி என்க. பத்தைப் பத்தாற் பெருக்க 100. ஆறாற் பெருக்க 600. இருபத்திரண்டாற் பெருக்க 13,200 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு இரண்டரைக் கிராம் நல்ல வெளிற்றுந்தூள் என்பது தெளிந்த நீருக்குரிய அளவு. எனவே 33 கிராம் வேண்டும்.

தூளை அப்படியே கிணற்றில் வீசுதல் கூடாது. ஒரு வாளியிலிட்டுச் சிறிது நீர் விட்டுக் களியாகக் குழைத்து, பின் முக்கால் வாளி நீர் சேர்த்துக் கலக்குக. பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியிற் படியும். தெளிந்த நீரை மாத்திரம் வேறொரு வாளியில் இறுத்து, அதனைக் கிணற்று நீருக்குள்ளே இறக்கி, மேலுங் கீழும் பக்கங்களிலும் அசைத்துக் கலக்குக. படிந்த சுண்ணாம்பை எறிந்துவிடுக. எமது நீருக்கு அது வேண்டியதில்லை. ஒரு மணிநேரத்தின் முன் நீரள்ளலாகாது. இரவிலே இட்டு விடியற்காலை அள்ளுதல் சாலவும் நன்று. அப்பொழுதும் லீற்றருக்கு அரை மில்லிகிராம் குளோரீன் எஞ்சியிருந்தால் வேலை நிறைவேறிற்று என்பது பொருள். இதனைச் சோதிக்கும் சிறுகருவி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. வெளிற்றுந்தூள் வெயிலிலும் ஈரத்திலும் வலுவிழக்கும். திறந்து வைத்த பழந்தூள் வெறுஞ் சுண்ணாம்பே. மற்றது, வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு மேற்கூறிய அளவு போதாது. அழுக்கு முழுவதும் குளோரீனை உண்டுவிடும். அத்தகைய கிணற்றைப் பரிசோதகரின் சொற்படி இறைத்து, சுவரையும் கழுவி, மிகுந்த அளவு குளோரீன் இட்டு, அந்நீரை வெளியேற்றிய பின்னரே பாவித்தல் வேண்டும்.

வீட்டுக்குள்ளே வந்த நீருக்கு முதன்மையான மருத்துவம் கொதிக்கவைத்தல். குமிழிகள் பொங்கிக் கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டால் நோய்க்கிருமிகள் மாளும். கொதித்த நீரை அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுக. கைவிட்டு அள்ளாது, சாய்த்து ஊற்றுக. விறகுக்கும் வாயுவுக்கும் விலையேறிய காலத்திலே சூரியனும் உதவுவான். தெளிந்த நீரை நிறமற்ற போத்தல்களில் நிறைத்து, நல்ல வெயிலில் ஆறு மணிநேரம் கிடத்தினால் கிருமிகள் அழியும். மப்பு நாளாயின் இரண்டு நாள் வேண்டும். நீர் கலங்கலாயின் இம்முறை பயன்படாது.

கொதித்தும் போகாதவை

இதுவரை கூறியவை கிருமிகளைப் பற்றியவை. கொதிக்கவைத்தாலும் போகாத பொருள்கள் சில உண்டு. அவற்றுள் தலையாயது நைத்திரேற்று.

தோட்டத்துக்கு அளவிறந்து இட்ட யூரியாவும், மலக்குழிக் கசிவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறி நீரோடு கீழிறங்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாக, எஞ்சிய நீரில் நைத்திரேற்றுச் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை. வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளிலே பல கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்திருத்தலை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இதனால் மிகுதியும் துன்புறுவோர் கைக்குழந்தைகள். குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்க, குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், கிணற்றுநீரிற் கரைத்த பால்மாவால் குழந்தைகளுக்கு இந்நிலை வந்தமையை 1945 இலே கொம்லி என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். எனவே புட்டிப்பால் கரைக்கும் வீட்டார், தம் கிணற்றின் நைத்திரேற்று அளவை அறியாது அந்நீரை எடுத்தலாகாது.

எண்ணெயும் அத்தகையதே. சுன்னாகத்தில் மின்னிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்த செய்தி நாடறிந்தது. 2019 ஏப்ரலிலே உயர்நீதிமன்றம் அவ்வழக்கில் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தத் தீர்ப்பளித்தது. இழப்பீடு கிணற்றின் சொந்தக்காரருக்குச் சிறிது ஆறுதல் தரலாம். கல்லின் வெடிப்பிற் புகுந்த எண்ணெயை எந்தத் தீர்ப்பும் வெளியேற்றாது. வீட்டுத் தலைவாசலிலே மோட்டார்வண்டியின் பழைய எண்ணெயை மண்ணில் ஊற்றுபவரும் சிறிய அளவில் அதே வேலையைத்தான் செய்கின்றார்.

ஆதலால் நீரைச் சோதிப்பித்தல் இன்றியமையாதது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணஞ் செலுத்திச் சோதிப்பிக்கலாம். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய போத்தலை அங்கேயே பெற்று, நீரெடுத்துக் குளிரவைத்து, அன்றைக்கே சேர்ப்பித்தல் வேண்டும். நூறு மில்லிலீற்றர் குடிநீரிலே மலத்திலிருந்து வரும் 'ஈ கோலை' என்னும் பற்றீரியா ஒன்றுதானும் இருக்கலாகாது என்பது விதி. மாரிக்குப் பின் ஒருமுறை, கோடையின் முடிவில் ஒருமுறை சோதிப்பித்தல் நன்று. முன்னது கிருமியையும் நைத்திரேற்றையும், பின்னது உவரையும் காட்டிக்கொடுக்கும்.

பங்கு

இத்தனை முறைகளையும் ஒரு வீட்டார் வழுவாது செய்தனர் என்க. அயல்வீட்டார் தம் பழைய கிணற்றிலே கழிவுநீரை விட்டால், அவர் செய்த முயற்சி என்னாகும்? கிணறு என்பது நீரின் மேல் நாம் திறந்து வைத்த சாளரம். வளவுக்கொரு சாளரம் உண்டு; உள்ளே அறை ஒன்றே. எவர் தம் சாளரத்தினூடே நஞ்சை எறிந்தாலும், அஃது எல்லாருடைய அறையிலும் விழும். வழியிலே மண்ணும் மணலும் வடிக்குமென்ற நம்பிக்கைக்கும் அங்கே இடமில்லை. கிணற்றிலிட்டது நேரே நீர்ப்படையிற் சேரும்.

இந்தப் பங்கை நம் சமுதாயம் எக்காலத்தும் நேர்மையாக மதித்தது என்று நான் கூறமாட்டேன். ஒரே நிலத்தடியில் ஊறிய நீரை அள்ள ஒரு சாராருக்கு உரிமையும், மற்றொரு சாராருக்குக் குடத்தோடு காத்து நிற்கும் கதியும் விதித்த ஊர்கள் இவை. உழைத்து அக்கிணறுகளை வெட்டியவர்களுக்கே அதில் வாளி இறக்கும் உரிமை மறுக்கப்பட்டது. கே. டானியல் 'தண்ணீர்' என்று தம் நாவலுக்குப் பெயரிட்டமை காரணமின்றி அன்று. பங்கு என்னும் சொல்லை உறுதியில் எழுதிவைத்து, கட்டடியில் மறந்த வரலாறு அது. நிலத்தின் கீழுள்ள நீர் எந்தக் காலத்திலும் அந்த வேற்றுமையை அறிந்ததில்லை.

குழாய்நீர் வரட்டும்; வரவேற்போம். உவர்நிலத்தில் வாழும் தீவுப்பகுதி மக்களுக்கும், குடத்தோடு நெடுந்தூரம் நடக்கும் பெண்களுக்கும் அது பெரும் பேறு. ஆனால் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை மின்சாரத்தால் இயங்குவது. போரிலும் புயலிலும் மின்சாரமும் வீதியும் அறுந்த நாள்களைக் கண்டவர்கள் நாம். 1995 இன் இடப்பெயர்வுக்குப் பின், ஆண்டுகள் பல கழிந்து தம் வளவுகளுக்குத் திரும்பியோரிற் பலர், கூரையில்லாத வீட்டைப் பார்த்தபின் கிணற்றையே தேடினர். பற்றை வெட்டி, குப்பை அள்ளி, கிணற்றைக் கலக்கி இறைத்த பின்னரே அவ்வளவில் அடுப்பு மூண்டது.

குழாய் வந்த வீட்டார் கிணற்றை மூடுமுன், ஒரு மாரிகாலத்துக்கேனும் பொறுக்கட்டும். கூரைநீரை வடித்து நிலத்துக்குட் செலுத்துவார்களாயின், மேலே கூறிய ஓரடிக்கு நாற்பதடிக் கணக்கு அவர்களுக்குச் சாதகமாய்த் திரும்பும். கிணற்றுநீரைக் குளிப்புக்கும் பயிருக்கும் அளவாய் எடுத்து, வலையிட்டு, கட்டைப் பேணி, ஆண்டுக்கொருமுறை இறைத்து வைத்திருந்தால், வேண்டிய நாளில் அது குடிநீராகும். மூடியே தீரவேண்டுமாயின், குப்பையின்றித் தூய கல்லும் மண்ணும் இட்டு, மேலே களிமண்ணாலும் சீமெந்தாலும் அடைத்து மூடுக.

உறுதியெழுதும் நொத்தாரிசு அந்தத் தொடரை இனியும் எழுதுவார். அது அவர் தொழில். குழாய் வந்தபின் அச்சொற்களுக்குக் கீழே பங்கிடத் தக்க நீர் இருக்கவேண்டுமாயின், அது நாம் நம் வளவுகளிலே தோண்டும் குழிகளையும், அவற்றுள் இடும் பொருள்களையும் பொறுத்தது.